குளிசை தொடங்க முன்னரே இரத்தம் கொடுங்கள்: கொலஸ்ட்ரோல் மருந்தின் பக்கவிளைவைப் பரிசோதனையில் பிடிக்கும் வழி

கொலஸ்ட்ரோலுக்கு டொக்டர் குளிசை எழுதித் தந்தால், முதல் குளிசையை விழுங்க முன்னர் ஒரு தரம் இரத்தம் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்தவர்களுக்குப் பின்னால் வரும் சந்தேகங்களில் பெரும்பகுதி சுலபமாகத் தீர்ந்துவிடும். செய்யாதவருக்கு ஆறு மாதம் கழித்து ரிப்போர்ட்டில் ஓர் எண் எல்லையைத் தாண்டி வந்தால், அது மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எம்.எல்.டி.யாக (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக) வேலை செய்கிறேன். காலி வீதியில் பஸ்கள் நெருங்கத் தொடங்க முன்னரே வெறும் வயிற்றோடு வந்து இருப்பவர்களிடம் இரத்தம் எடுப்பதும், மெஷின் தந்த எண்களைச் சரிபார்த்து வெளியே விடுவதும்தான் என் வேலை. கையில் பட்டியைக் கட்டும்போது அங்கிள்மாரும் அன்ரிமாரும் கேட்பது அநேகமாக ஒரே கேள்வி: "தங்கச்சி, இந்தக் குளிசை ஈரலைப் பழுதாக்குமாமே, கால் வேற உளையுது, நிப்பாட்டட்டோ?" நிப்பாட்டுவதும் தொடர்வதும் டொக்டரின் முடிவு. ஆனால் அந்த முடிவுக்குத் தேவையான எண்களை எப்போது எடுக்க வேண்டும், எதை எதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை ஆய்வுகூடத்தில் நிற்பவர்கள் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

இங்கே நான் பேசுவது ஸ்டாட்டின் வகை மருந்துகளைப் பற்றி: அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின். கிளினிக் கொப்பிகளில் அதிகம் காண்பது முதலாவது. ஈரலில் கொலஸ்ட்ரோல் உருவாகும் பாதையின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு நொதியத்தை இவை தடுக்கின்றன. அதே பாதையில்தான் கோஎன்சைம் கியூ10 உட்பட வேறு பல பொருட்களும் உருவாகின்றன. ஆகவே பாதையை மறித்தால் கொலஸ்ட்ரோல் மட்டும் குறைவதில்லை. தசை, ஈரல், சீனி ஆகிய மூன்று பக்கமும் கண் வைத்திருக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

முதல் நாள் எடுக்க வேண்டியவை

லிப்பிட் புரொபைல் (இரத்தக் கொழுப்பு வகைகள்), ஈரலைப் பார்க்க எடுக்கும் நொதியங்களான எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., வெறும் வயிற்றுச் சீனி, எச்.பி.ஏ.1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனி), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), டி.எஸ்.எச். (தைரொய்டுக்கு). இவற்றோடு சி.கே., அதாவது கிரியேட்டின் கைனேஸ். தசை நார்கள் சேதமாகும்போது இரத்தத்தில் கசியும் நொதியம் இது. ஆரம்பத்தில் சி.கே.யை எல்லா டொக்டர்மாரும் கேட்பதில்லை. முன்பு மருந்தால் தசை நோ வந்தவர்கள், வயதானவர்கள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் தசை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். வசதி இருந்தால் எல்லோருமே ஒரு தரம் எடுத்து வைப்பது நல்லது என்பது என் எண்ணம். சிலருக்கு எந்த மருந்தும் இல்லாமலே சி.கே. எப்போதும் சற்று உயர்ந்துதான் இருக்கும். அது முன்பே தெரிந்திருந்தால் பிறகு மருந்தின் மேல் வீண்பழி வராது.

டி.எஸ்.எச். ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. தைரொய்ட் மந்தமானால் கொலஸ்ட்ரோலும் கூடும், சி.கே.யும் கூடும், உடம்பும் உளையும். தைரொய்டைக் கவனிக்காமல் ஸ்டாட்டின் தொடங்கினால் தசைப் பாதிப்பு வரும் வாய்ப்பும் அதிகம். தைரொய்டுக்கு மருந்து எடுத்த பின் கொலஸ்ட்ரோல் தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. தலைமயிர் கொட்டுகிறதென்று அதிக அளவு பயோட்டின் எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் அது டி.எஸ்.எச். எண்ணைப் பொய்யாக இறக்கிக் காட்டும்.

இரத்தம் கொடுக்க வரும்போது

எண் பிழைப்பது பெரும்பாலும் மெஷினில் இல்லை, அதற்கு முன்னால்தான். சி.கே. எடுப்பதாக இருந்தால் அதற்கு முந்திய ஒரு வாரம் ஜிம், பாரம் தூக்குதல், புதிதாகத் தொடங்கிய ஓட்டம் எதுவும் வேண்டாம். காலிமுகத்திடலில் வழக்கமாக நடக்கும் நடை பரவாயில்லை. தசையில் ஊசி போட்டிருந்தாலும் சி.கே. ஏறும், அதையும் சொல்லுங்கள். வெறும் வயிறு என்றால் 10 முதல் 12 மணித்தியாலம். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். பிளேன்டீ வேண்டாம்.

எங்கள் மேசையில் நடப்பதையும் நீங்கள் கவனிக்கலாம். சீனிக்கான இரத்தம் சாம்பல் மூடிக் குழாயிலும், எச்.பி.ஏ.1சிக்கானது ஊதா மூடிக் குழாயிலும் போக வேண்டும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் புளோரைட், இரத்தக் கலங்கள் சீனியைத் தின்பதைத் தடுக்கிறது. அது இல்லாத குழாயில், பிரிக்காமல் வைத்த இரத்தத்தில், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 7 வீதம் சீனி குறைந்துகொண்டே போகும். வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்துப் போகிறவர்களிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று: நரம்பு கிடைக்காமல் நெடுநேரம் தோண்டி எடுத்த இரத்தத்தைச் சுழற்றினால், மஞ்சளாக வர வேண்டிய தெளிநீர் இளஞ்சிவப்பாக வரும். சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அந்த மாதிரியில் எஸ்.ஜி.ஓ.டி.யும் பொட்டாசியமும் இல்லாத உயரத்தைக் காட்டும். நல்ல ஆய்வுகூடம் உங்களைத் திரும்பக் கூப்பிடும். கூப்பிட்டால் கோபிக்காமல் வாருங்கள்.

திரும்ப எப்போது

தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் லிப்பிட் புரொபைலும் எஸ்.ஜி.பி.டி.யும். மருந்தின் அளவைக் கூட்டினாலோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றினாலோ அதே இடைவெளியில் மறுபடி. அதன்பின் ஈரல் பரிசோதனையை மாதாமாதம் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் அந்த வழக்கமான கண்காணிப்பு தேவையில்லை என்று சொல்லிவிட்டது, ஏனென்றால் ஸ்டாட்டினால் ஈரல் பாரதூரமாகக் கெடுவது மிக அரிது. சி.கே.யையும் அறிகுறி இல்லாமல் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம். காசும் வீண், பயமும் மிச்சம்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) எவ்வளவு இறங்கியது என்பது. ஒழுங்காகக் குளிசை எடுத்தவருக்கு நடுத்தர அளவிலேயே 30 வீதத்துக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால், குளிசை வயிற்றுக்குள் போகவில்லை என்பதே அநேகமான காரணம். குளிசையே எடுக்காமல் "குளிசையால் கால் நோகுது" என்று வந்தவருக்கு இந்த ஒரு எண்ணே பதில் சொல்லிவிடும். இன்னொரு கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாக இறங்குவது ஏறத்தாழ 6 வீதம்தான். பக்கவிளைவின் வாய்ப்போ அளவோடு சேர்ந்து ஏறும். 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று 2011இல் அமெரிக்காவில் சொன்னது இதனால்தான்.

ஒற்றை எண்ணை நம்பாதீர்கள்

இதுதான் நான் அதிகம் சொல்ல விரும்பும் இடம். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், ஐம்பது வயது கடந்தவர், அட்டோர்வாஸ்டாட்டின் 20 தொடங்கி மூன்று மாதத்தில் பரிசோதனைக்கு வந்தார். எஸ்.ஜி.ஓ.டி. 142, எஸ்.ஜி.பி.டி. 78. இரண்டுமே எல்லைக்கு மேல். ரிப்போர்ட்டைப் பார்த்த மகன் "ஈரல் போய்விட்டது" என்று குளிசைக் கார்ட்டைக் குப்பையில் போட்டுவிட்டார்.

வடிவாகப் பார்த்தால் அந்த எண்களில் ஒரு குறிப்பு இருந்தது. எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யை விட நன்றாக உயர்ந்திருந்தது. இந்த இரண்டு நொதியங்களும் ஈரலுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல, தசையிலும் உண்டு. தசையில் எஸ்.ஜி.ஓ.டி.தான் அதிகம். மதுப் பழக்கமும் இதே கோலத்தைத் தரும், ஆனால் அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. மீந்திருந்த தெளிநீரில் ஜீ.ஜீ.டி.யும் சி.கே.யும் போட்டுப் பார்க்கலாமா என்று அவருடைய டொக்டரைக் கேட்டோம். ஜீ.ஜீ.டி. நொதியம் தசையிலிருந்து வருவதில்லை, அது உயர்ந்தால் பெரும்பாலும் ஈரலையும் பித்தவழியையும்தான் பார்க்க வேண்டும். அது 24, சாதாரணம். சி.கே. 1,240, மேல் எல்லையின் ஆறு மடங்குக்கு மேல். ஆக, கசிந்தது தசை, ஈரல் அல்ல. பிறகு கேட்டபோதுதான் தெரிந்தது: கடையில் வேலை செய்த பையன்கள் லீவில் போக, பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாளும் பருப்பு மூட்டைகளைத் தானே இறக்கியிருக்கிறார். ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்து திரும்ப எடுத்தபோது சி.கே. 165. டொக்டர் அதே குளிசையையே தொடரச் சொன்னார்.

இதை நடைமுறையாக வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.ஜி.பி.டி. உயர்ந்தால் ஜீ.ஜீ.டி.யையும் சி.கே.யையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரலிலிருந்துதான் என்றாலும், மேல் எல்லையின் 3 மடங்குக்குக் கீழே இருந்தால் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை, 4 முதல் 6 வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். கொழுப்புப் படிந்த ஈரல் நம்மவர்களிடையே நிறைய உண்டு, அதுவும் இப்படிச் சற்று உயர்த்திக் காட்டும். அது ஸ்டாட்டின் எடுக்கத் தடையும் அல்ல. 3 மடங்கைத் தாண்டினால் டொக்டரிடம் போங்கள். கூடவே பிலிருபினும் (பித்தத்தின் மஞ்சள் நிறப்பொருள்) ஏறியிருந்தால், கண் மஞ்சளித்தால், அன்றைக்கே.

சி.கே.க்கு எல்லைகள் வேறு. நோவும் இருந்து, 4 மடங்கைத் தாண்டியும் இருந்தால் மருந்தை நிறுத்திவைத்துக் காரணம் தேடுவார்கள். 10 மடங்கைத் தாண்டினால் அவசரம். கிரியேட்டினினும் பொட்டாசியமும் அப்போதே பார்க்க வேண்டும், ஏனென்றால் தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைத்துக் கெடுக்கும். அந்த நிலையில் சலம் பால் விடாத பிளேன்டீயின் நிறத்தில் போகும். சலப் பரிசோதனையில் பட்டி 'இரத்தம் உண்டு' என்று நிறம் மாறும், ஆனால் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சிவப்பணு ஒன்றும் இருக்காது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஆய்வுகூடத்திலிருந்து உடனே தொலைபேசி போக வேண்டும். 2001 ஓகஸ்டில் செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது இந்த வகைத் தசைச் சிதைவால்தான். ஜெம்ஃபிப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு ஆபத்து மிக அதிகமாக இருந்தது. இன்றைக்கும் ஸ்டாட்டினோடு ஜெம்ஃபிப்ரோசில் எழுதியிருக்கக் கண்டால் திரும்பக் கேளுங்கள்.

உளைவு மருந்தாலா?

மருந்தால் வரும் உளைவுக்கு ஒரு கோலம் உண்டு. இரண்டு பக்கமும் வரும். தொடை, பிட்டம், கெண்டைக்கால், தோள்பட்டை போன்ற பெரிய தசைகளில் வரும். தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களில் வரும். கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப முடிகிறதா, தலை சீவக் கையைத் தூக்கி வைத்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு முழங்கால் மட்டும் நோவது, விரல் மூட்டு வீங்குவது, பாதம் விறைப்பது ஆகியவை பெரும்பாலும் வேறு வருத்தம்.

ஆராய்ச்சிகள் இதில் தெளிவாகவே பேசுகின்றன. 2022இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பில், ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 வீதத்தினர் தசை நோ சொன்னார்கள், வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 26.6 வீதத்தினர். லண்டனில் நடந்து 2020இல் வெளிவந்த சாம்சன் ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு நாலு மாதம் உண்மைக் குளிசை, நாலு மாதம் வெற்றுக் குளிசை, நாலு மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து நோவைப் பதிந்தார்கள். ஸ்டாட்டினில் கண்ட தொல்லையின் 90 வீதம் வெற்றுக் குளிசையிலும் இருந்தது. அவர்கள் நோவைக் கற்பனை செய்தார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நோ உண்மை, காரணம்தான் வேறு. உளைவு சொல்லும் அன்ரியிடம் "அது ஒன்றுமில்லை" என்று சொல்லாமல் சி.கே.யும் டி.எஸ்.எச்.சும் எடுத்துப் பார்க்கச் சொல்வதுதான் மரியாதை.

கொழும்பில் இருப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டெங்குக் காய்ச்சலில் எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் நன்றாக ஏறும். எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் நோவோடு சி.கே. ஏறும், சலமும் கறுக்கலாம். சிக்குன்குனியா வந்தவருக்கு மூட்டு நோ மாதக்கணக்கில் நிற்கும். மழை கழிந்து வரும் காய்ச்சலில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து ஸ்டாட்டினைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சலோடு உளைவு என்றால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள், அது வேறு அவசரம்.

புதிதாக என்ன மருந்து சேர்ந்தது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். இருமலுக்கு எழுதும் கிளாரித்ரோமைசின், சிம்வாஸ்டாட்டினோடு சேரவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தும். பூஞ்சணத் தொற்றுக்கான இட்ராகொனசோலும் அப்படியே. பிரஷருக்கு அம்லோடிபின் எடுப்பவருக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 'இயற்கை' என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிசையில் இருக்கும் மொனாகொலின் கே என்பது லோவாஸ்டாட்டினேதான், ஆக அதுவும் ஒரு ஸ்டாட்டின்.

சீனி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2010இல் வந்த தொகுப்பாய்வின்படி 255 பேர் நாலு வருடம் ஸ்டாட்டின் எடுத்தால் கூடுதலாக ஒருவருக்கு நீரிழிவு வரும். எல்லைக்கோட்டில் இருப்பவர்களே பெரும்பாலும் அந்தப் பக்கம் தாண்டுகிறார்கள். வருடம் ஒரு தரம் எச்.பி.ஏ.1சி போதும். இரும்புச்சத்துக் குறைவோ தலசீமியாக் கூறோ இருப்பவருக்கு அந்த எண் பிழைக்கும், வெறும் வயிற்றுச் சீனியையும் சேர்த்துப் பாருங்கள்.

'மெட்டபொலொமிக்ஸ்' என்று கேள்விப்பட்டவர்களுக்கு

படித்த பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து, ஒரே துளியில் நூற்றுக்கணக்கான பொருட்களை அளந்து பக்கவிளைவை முன்கூட்டியே சொல்லலாமாம் என்று பெற்றோருக்குச் சொல்கிறார்கள். அது ஆராய்ச்சியில் உண்மையாகவே நடக்கிறது. காந்த ஒத்திசைவு முறையாலும் திணிவு நிறமாலையாலும் கொழுப்பு வகைகள், அமினோ அமிலங்கள், பித்த அமிலங்கள் என்று பலவற்றையும் ஒரே தரத்தில் அளக்கிறார்கள். 2016இல் 5,590 பேரின் இரத்தத்தை இப்படி அளந்தபோது, கொழுப்பு ஏற்றிச் செல்லும் துகள்கள் பலவும் மாறின, அமினோ அமிலங்கள் குறிப்பிடும்படி மாறவில்லை. மருந்து எங்கெங்கே கை வைக்கிறது, எங்கே வைக்கவில்லை என்பதைக் காட்டும் அருமையான வேலை அது. ஆனால் உங்கள் தசை பாதிக்கப்படுமா இல்லையா என்று ஆளுக்காள் சொல்லும் கிளினிக் பரிசோதனையாக அது இன்னும் ஆகவில்லை. மரபணுப் பக்கம் சற்று முன்னே நிற்கிறது. எஸ்.எல்.சி.ஓ.1பி.1 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் ஒரு பிரதியாக இருந்தால் 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினில் தசைப் பாதிப்பின் வாய்ப்பு சுமார் 4.5 மடங்கு, இரண்டு பிரதியென்றால் 17 மடங்கு என்று 2008இல் கண்டார்கள். இணையத்தில் பெரிய விலைக்கு விற்கும் பரிசோதனைத் தொகுப்புகளுக்குக் கொடுக்கும் காசில், மேலே சொன்ன சாதாரணப் பரிசோதனைகளை முறையாகப் பல தரம் எடுத்துவிடலாம்.

டொக்டர் நிறுத்தச் சொன்னால்

நிறுத்திய திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். 2 முதல் 4 வாரம் கழித்து உளைவு எப்படி என்று எழுதுங்கள், சி.கே. உயர்ந்திருந்தால் திரும்ப எடுங்கள். நோ போய்விட்டால் அதோடு கதை முடிந்தது என்று விட்டுவிடாமல், திரும்பத் தொடங்குவது பற்றிக் கேளுங்கள். குறைந்த அளவில், வேறு ஸ்டாட்டினில், சில வேளை ஒருநாள் விட்டு ஒருநாள் ரோசுவாஸ்டாட்டின் என்று கொடுத்துப் பார்ப்பார்கள். ஆசியருக்கு ரோசுவாஸ்டாட்டின் இரத்தத்தில் கூடுதலாக ஏறுவதால் 5 மில்லிகிராமில்தான் தொடங்குவார்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் எசெடிமைப் போன்ற வேறு மருந்துகள் உண்டு. மாரடைப்போ ஸ்டென்டோ கண்டவர்கள் தாமாகக் குளிசையை விட்டுவிட்டு மருந்தில்லாமல் இருப்பதுதான் எனக்கு உண்மையில் பயம் தரும் விஷயம்.

நிறுத்திப் பல வாரமாகியும் சி.கே. இறங்காமல், தொடையின் பலவீனம் கூடிக்கொண்டே போனால், அது சாதாரணப் பக்கவிளைவு அல்ல. ஸ்டாட்டின் தூண்டிய நோயெதிர்ப்பு, மருந்து போன பின்னும் தசையைத் தாக்கிக்கொண்டிருக்கும் அரிய நிலை ஒன்று உண்டு. அதற்கு எச்.எம்.ஜி.சி.ஆர். (ஸ்டாட்டின் தடுக்கும் அதே நொதியம்) எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து வேறு சிகிச்சை தொடங்க வேண்டும். அந்தப் பெயரை ஒரு துண்டில் எழுதி, முதல் நாள் எடுத்த ரிப்போர்ட்டிலிருந்து கடைசி ரிப்போர்ட் வரை திகதி வரிசையில் அடுக்கி, தசை அல்லது நரம்பியல் நிபுணரிடம் கொண்டு போங்கள்.